எவரெஸ்ட் 1996: ராப் ஹால் செய்தது வீரமா, பிழையா?

பினாங்கிலிருந்து: 1997இல் நம்ம மலேசியாவின் மகேந்திரனும் மோகனதாஸும் எவரெஸ்ட் ஏறிய செய்தியை அப்பா வெட்டிச் சாமி மேடைக்குப் பக்கத்தில் ஒட்டியதிலிருந்து எனக்கு எவரெஸ்ட் பைத்தியம். அதற்கு முந்தைய ஆண்டு, மே 10. மதியம் 2 மணிக்குத் திரும்பவேண்டியவர், ஒரு மலையேற்றக் குழுவின் வழிகாட்டி ராப் ஹால். மாலை 4 மணியளவிலும் தம் குழுவில் ஏறிய டக் ஹான்சனோடு உச்சியில் நின்றார். அப்புறம் அவரை விட்டு இறங்க மனமில்லாமல் மலையிலேயே இறந்தார். வீரமா, பிழையா?

பதில்: இரண்டும்தான் தங்கச்சி. அதே நாளில் இன்னொரு குழுவின் வழிகாட்டியாக இருந்த அனத்தோலி புக்ரீவைப் பாருங்கள். தம் குழுவுக்கு முன்பே இறங்கிவிட்டார் என்று திட்டினார்கள். சரி, அந்த ராத்திரிப் புயலுக்குள் தனியாகப் போய் மூன்று பேரை மீட்டவரும் அவரே.

பதில்: கோலாலம்பூர் பக்கத்துப் புக்கிட் தாபூர் மலையில் மழை பிடித்ததும் எங்கள் வழிகாட்டி கயிற்றைச் சுருட்டிவிட்டார். உச்சி கண்ணெதிரே. அன்றைக்கு அழுதேன். இப்போது தீபாவளிக்கு முதல் முறுக்கு அவர் வீட்டுக்குத்தான் போகிறது.