80 வயதுக்காரரின் ஆயுளை பல்ஸ் பிரஷர் சொல்லிவிடுமா?

கணக்குப்பிள்ளை:
பெரியவர்களுக்கு பிரஷர் பார்த்தால் மேல் அளவிலிருந்து கீழ் அளவைக் கழித்துப் பாருங்கள். அதுதான் பல்ஸ் பிரஷர். 160/70 என்றால் 90. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனி விறைத்துப்போனால் மேலது ஏறும், கீழது இறங்கும், இடைவெளி கூடும். அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வில் 60 வயதைத் தாண்டியவர்களின் இதயநோய் அபாயத்தை நன்றாகக் காட்டியது இந்த இடைவெளிதான். டாக்டர்கள் ஏன் இதைச் சொல்வதே இல்லை?

நிலாமுற்றம்:
நோய் வருவது வேறு, இறப்பு வேறு சார். 2002இல் லான்செட் மருத்துவ இதழில் 61 ஆய்வுகளைத் திரட்டி, 10 லட்சம் பேரின் தரவுகளைப் பார்த்தார்கள். மாரடைப்பு, பக்கவாத இறப்புகளைக் கணிப்பதில் பல்ஸ் பிரஷர்தான் கடைசி. 160/100க்கும் 120/60க்கும் கழித்தால் 60தான் வருகிறது. இரண்டு பேரும் ஒன்றா?

கணக்குப்பிள்ளை:
அதில் 40 வயதுக்காரர்களும் சேர்த்தி. நான் பேசுவது கிழவர்களைப் பற்றி.

நர்ஸ் கலா:
அப்படியென்றால் பார்டேஜ் ஆய்வைப் பாருங்கள். பிரான்ஸ், இத்தாலி முதியோர் இல்லங்களில் 80 தாண்டிய 1,100 பேருக்கு மேல். அவர்களில் உயர்ந்த பிரஷர் இறப்பைக் கணிக்கவே இல்லை. கணித்தது வேறொன்று. கைத் தமனியின் பல்ஸ் பிரஷர், கழுத்துத் தமனியில் இருப்பதைவிட எத்தனை மடங்கு என்ற விகிதம். இதயத்தை விட்டுத் தள்ளிப் போகப் போக நாடி அலை பெரிதாக வேண்டும். குழாய் விறைத்திருந்தால் எதிரொலித்து வரும் அலை சீக்கிரமே திரும்பி, இதயத்தின் பக்கத்திலேயே அழுத்தத்தைக் கூட்டிவிடும். விகிதம் குறையும். குறைந்தவர்களிடம்தான் இறப்பு அதிகம்.

நிலாமுற்றம்:
நல்ல ஆய்வுதான் மேடம். ஆனால் எந்த கிளினிக்கில் கழுத்தில் கருவி வைத்து அளக்கிறார்கள்? சரி, அளந்தாச்சு என்றே வைப்போம், அப்புறம்? மாத்திரையைக் கூட்டினால் கீழ் அளவும் சேர்ந்து இறங்கும், பெரியவர் தலைசுற்றி விழுவார். அதே பார்டேஜில் இரண்டு, மூன்று மருந்து சாப்பிட்டு மேல் அளவு 130க்குக் கீழே இருந்தவர்கள்தான் அதிகம் இறந்தார்கள்.

கணக்குப்பிள்ளை:
அதற்காக மருந்தை நிறுத்தச் சொல்கிறீர்களா? 2008இல் வந்த ஹைவெட் சோதனையில் 80 தாண்டிய 3,845 பேர். 150/80 இலக்கு வைத்து மருந்து கொடுத்ததில் மொத்த இறப்பு 21% குறைந்தது.

நர்ஸ் கலா:
ஹைவெட்டில் டிமென்ஷியா (மறதிநோய்) உள்ளவர்களையும், நர்சிங் பராமரிப்பு தேவைப்பட்டவர்களையும் சேர்க்கவே இல்லை. பார்டேஜில் இருந்தவர்கள் இல்லத்துவாசிகள். இரண்டும் வேறு வேறு ஆட்கள் சார், ஒன்றின் எண்ணைத் தூக்கி மற்றொன்றில் வைக்காதீர்கள். வீட்டுப் பெரியவருக்கு உட்கார்ந்து பார்த்த பிரஷரோடு, எழுந்து நின்றதும் இறங்குகிறதா என்று ஒரு தடவை பாருங்கள். மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று டாக்டர் முடிவெடுக்க, கழித்து வரும் 90ஐவிட அது உதவும்.