இந்தக் கரடிக் கதையை வரைந்தவர் யார்? அடையாளம் காண உதவுங்கள்

நண்பர்களே, அட்டை கிழிந்துபோன ஒரு பழைய அமெரிக்கச் சித்திரக்கதை இதழ் என்னிடம் இருக்கிறது. 1940களின் பாணி என்று நினைக்கிறேன். பதிப்பக விவரம் உள்ளட்டையில் இருந்திருக்க வேண்டும். அட்டையோடு அதுவும் போய்விட்டது.

கதை இதுதான்: கோட்டு போட்ட கரடியும் ஒரு முயலும் ஓட்டைப் படகில் புதையல் தேடிப் போகிறார்கள். படகில் தண்ணீர் ஏற ஏற, கரடி தன் தொப்பியால் அள்ளி அள்ளி வெளியே கொட்டுகிறது. முயலோ வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வழி சொல்கிறது. கடைசிக் கட்டத்தில் கரடியின் ஒற்றைப் புருவம் மட்டும் உயர்ந்திருக்கிறது, வசனமே இல்லை. அந்த ஒரு புருவக் கோட்டுக்காகவே வரைந்தவரின் பெயரைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.

அக்கால இதழ்கள் பலவற்றில் ஓவியர் பெயர் போடும் வழக்கம் கிடையாது. 1947இல் ஸ்க்ரூஜ் மாமா என்ற டிஸ்னி வாத்துப் பாத்திரத்தைப் படைத்த ஓவியர் கார்ல் பார்க்ஸ்கூட நெடுங்காலம் பெயர் தெரியாதவராகவே இருந்தார். வாசகர்கள் அவர் கோடு வரையும் பாணியை வைத்தே கண்டுகொண்டு, 'நல்ல வாத்து ஓவியர்' என்று அவரை அழைத்தார்கள். அப்படிப்பட்ட கண் உள்ளவர்கள் இங்கே நிச்சயம் இருப்பீர்கள்.

இந்தக் கதையைப் படித்த நினைவு யாருக்காவது இருக்கிறதா? ஓவியரை இனம்காண நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்: கண்களையா, கைகளையா, எழுத்து வடிவத்தையா?

இன்னொன்று, தாள் பழுத்து ஓரங்கள் உதிர்கின்றன. ஸ்கேன் செய்யும்போது முதுகு பிரியாமல் எப்படி விரிப்பது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அதுவரை இதழைத் திறக்காமல் வைத்திருக்கிறேன்.