நாதஸ்வர டிராக்கில் மிடி புள்ளிகள் நெரிசல்: தவில் பிந்துகிறது, ஒரு சுரம் நிற்காமல் ஒலிக்கிறது. உதவி தேவை

சுங்கைசிப்புட்வாசி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் ஆடும் நடனத்துக்கு இசை அமைத்து வருகிறேன். தோடி ராகத்தில் சிறிய ஆலாபனை, அதைத் தொடர்ந்து தவிலோடு விறுவிறுப்பான பகுதி. (சுவாமி புறப்பாட்டுக்கு உண்மையான நாதஸ்வரக்காரர்கள் வருகிறார்கள், யாரும் அடிக்க வர வேண்டாம்.)

மடிக்கணினியில் 8 ஜிபி நினைவகம், இசைப்பதிவு மென்பொருள் ரீப்பர். நாதஸ்வரம் மாதிரி ஒலிகளால் ஆன விர்ச்சுவல் வாத்தியம். பிட்ச் பெண்ட் (சுருதியை வளைக்கும் கட்டளை) எல்லை மேலும் கீழும் 12 அரைச்சுரம். ஊர் இசைக்குழு அண்ணன் ஒருவரின் பழைய சவுண்ட் மாட்யூலை (ஒலிகள் அடங்கிய தனிக் கருவி) ஐந்து ஊசி மிடி கேபிளால் (சுரக் கட்டளைகளைக் கொண்டுபோகும் கம்பி) இணைத்து, தவில் பகுதியை அதிலிருந்து ஒலிக்க வைக்கிறேன். நாதஸ்வரத்துக்குக் கனம் சேர்க்க, அதே டிராக்கை மாட்யூலின் ஷெனாய் ஒலிக்கும் அனுப்புகிறேன்.

தொல்லைகள் இவை. ஆலாபனை உச்சத்துக்குப் போகும்போது தவில் பிந்துகிறது, சில நேரம் ஷெனாயில் ஒரு சுரம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கிறது, மாட்யூல் திரையில் "மிடி பஃபர் ஃபுல்" என்று வருகிறது. மடிக்கணினியில் தனியாக வாசித்தாலும் மாடுலேஷன் சக்கரத்தை உயர்த்தும்போது ஒலி வெடிக்கிறது. மிடி புள்ளிகள் (சுருதி, ஒலி மாற்றங்களைச் சொல்லும் பதிவுகள்) அதிகம் என்று நினைத்து எல்லாவற்றையும் குறைத்துப் பார்த்தேன். தவில் சரியானது, ஆனால் காந்தாரம் (க சுரம்) வழுக்காமல் படிக்கட்டுபோல் குதிக்கிறது. அந்தச் சஞ்சாரம் (சுரக் கோவை) முடிந்த பிறகு நாதஸ்வரம் முழுவதும் சுருதி இறங்கி நிற்கிறது.

புள்ளிகளை எவ்வளவு நெருக்கமாக வைக்க வேண்டும்?

ஈப்போகீபோர்ட்:
தம்பி, நிகழ்வுப் பட்டியலைத் திறந்து பாருங்கள். பிட்ச் பெண்ட், சிசி (கண்ட்ரோலர் கட்டளை) 1 அதாவது மாடுலேஷன் சக்கரம், சிசி 11 அதாவது ஒலியின் ஏற்ற இறக்கம், ஆஃப்டர்டச் (விசையை அழுத்திப் பிடிக்கும் அழுத்தம்) ஆகியவை எவ்வளவு இடைவெளியில் பதிவாகியிருக்கின்றன?

சுங்கைசிப்புட்வாசி:
நான்கும் ஏறக்குறைய 3 மில்லிசெகண்டுக்கு ஒன்று, அண்ணன். ஆஃப்டர்டச் பதிவாகியிருப்பதே இப்போதுதான் தெரிகிறது.

ஈப்போகீபோர்ட்:
அப்படியானால் கணக்கு நேராக வந்துவிட்டது. 1983இல் வந்த மிடி 1.0இன் ஐந்து ஊசிக் கம்பி விநாடிக்கு 31,250 பிட் மட்டுமே கொண்டுபோகும். ஒரு பைட்டுக்கு முன்பின் அடையாளங்களோடு 10 பிட் ஆவதால், விநாடிக்கு 3,125 பைட். பிட்ச் பெண்ட், சிசி 1, சிசி 11 ஒவ்வொன்றும் 3 பைட், ஆஃப்டர்டச் 2 பைட், மொத்தம் 11. இது விநாடிக்கு 333 முறை போனால் 3,663 பைட். கம்பியில் இடமே இல்லை. நான்கு வகையும் மாறி மாறி வருவதால், ஒரே வகைச் செய்தி தொடர்ந்தால் முதல் பைட்டை விட்டுவிடும் சலுகையும் கிடைக்காது. ஒற்றைத் தடத் தோட்டச் சாலையில் செம்பனை லோரிகள் வரிசையாக ஊர்ந்தால் பின்னால் வரும் மோட்டார் சைக்கிளுக்கு என்ன கதியோ, அதுதான் உங்கள் தவிலுக்கும். மாட்யூலின் பஃபர் (செய்திகள் காத்திருக்கும் இடம்) நிரம்பி, சுரத்தை நிறுத்தச் சொல்லும் செய்தி தொலைந்துபோனால் அந்தச் சுரம் ஒலித்துக்கொண்டே இருக்கும். அவசரத்துக்கு, எல்லாச் சுரங்களையும் நிறுத்தும் சிசி 123 அனுப்பினால் அடங்கும்.

மடிக்கணினியில் ஒலி வெடிப்பது வேறு கதை. கணினிக்குள் ஓடும் விர்ச்சுவல் வாத்தியத்துக்கு இந்தக் கம்பி வேகக் கட்டுப்பாடே கிடையாது. சிசி 1ஐ உயர்த்தும்போது மெல்லிய, நடுத்தர, வலுத்த மாதிரி ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து ஒலிக்கின்றன. ஒரு சுரம் வாசித்தாலும் உள்ளே பல குரல்கள். செயலியும் வட்டும் திணறுகின்றன. பதிவு முடிந்துவிட்டதால் ஆடியோ பஃபரை 512க்கு உயர்த்துங்கள். 44,100 ஹெர்ட்ஸில் அது 11.6 மில்லிசெகண்ட் தாமதம். கேட்பதற்கு இடைஞ்சல் இல்லை. மேடைக்குப் போகும்முன் நாதஸ்வர டிராக்கை ஆடியோவாக மாற்றிவிடுவது இன்னும் நிம்மதி.

பத்துகாஜா_பீட்ஸ்:
2020இல் மிடி 2.0 வந்துவிட்டது, 32 பிட் கண்ட்ரோலர்! இன்னும் ஏன் ஐந்து ஊசியோடு மல்லுக்கட்டுகிறீர்கள்? இல்லையென்றால் எம்பிஇ போடுங்கள்.

ஈப்போகீபோர்ட்:
இரு முனைக்கும் புரிந்தால்தானே புதிய மொழி பேச முடியும், தம்பி? அந்த மாட்யூல் பிறந்த காலம் வேறு. எம்பிஇ ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் கொடுப்பது. ஒரு நேரத்தில் ஒரு சுரம் ஊதும் நாதஸ்வரத்துக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

தைப்பிங்_வயலின்_டீச்சர்:
கணினி விஷயம் ஈப்போ அண்ணன் சொன்னபடியே. தோடியைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். எல்லாப் புள்ளிகளையும் ஒரே அளவில் குறைத்ததால்தான் காந்தாரம் போயிற்று. தோடிக் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் சுரமல்ல, அசைவுதான் அது. ஏறக்குறைய 200 சென்ட் (100 சென்ட் ஓர் அரைச்சுரம்) தூரத்தை 100 மில்லிசெகண்டில் கடக்கும் ஓர் அசைவை எடுத்துக்கொள்ளுங்கள். 3 மில்லிசெகண்டுக்கு ஒரு புள்ளி இருந்தால் படி ஒன்றுக்குச் சராசரியாக 6 சென்ட். இடைவெளியை 23 மில்லிசெகண்டாக ஆக்கினால் படி ஒன்றுக்கு 46 சென்ட், ஏறக்குறைய அரை அரைச்சுரம். அது கமகமாக (சுர அசைவாக) கேட்காது. ஹார்மோனியத்தில் தோடி வாசித்ததுபோல் கேட்கும். (ஹார்மோனியக்காரர்கள் மன்னிக்கவும்.)

ஆகவே பிட்ச் பெண்டைத் தொடாதீர்கள், தம்பி. சுரம் அசையாமல் நிற்கும் இடங்களில் ஒரே மதிப்பு திரும்பத் திரும்ப வந்தால் அவற்றை மட்டும் நீக்கலாம். சிசி 11 மூச்சின் ஏற்ற இறக்கம், மெதுவாகத்தான் மாறும். 25 மில்லிசெகண்டுக்கு ஒன்று என்றால் தாராளம். சஞ்சாரம் முடிந்ததும் சுருதி இறங்கி நிற்பதற்குக் காரணம், பெண்டை நடுவுக்கு, அதாவது 8192க்குத் திருப்பும் கடைசிப் புள்ளியும் குறைப்பில் அழிந்திருப்பது. ஒவ்வொரு சஞ்சாரத்தின் முடிவிலும் அதைக் கையால் வையுங்கள்; அடுத்த சுரம் தொடங்கும் அதே கணத்தில் அல்ல, சில டிக் (மிடியின் மிகச் சிறிய நேர அளவு) முன்னால்.

ஈப்போகீபோர்ட்:
டீச்சர் சொன்னதுதான் சரி. மூல டிராக்கை அப்படியே வைத்துக்கொண்டு, மாட்யூலுக்கு ஒரு நகல் எடுங்கள். நகலில் ஆஃப்டர்டச்சையும் சிசி 1ஐயும் முழுவதும் அழித்துவிடுங்கள். ஷெனாய் ஒலிக்கு அவை தேவைப்படாது. பெண்டுக்கு விநாடிக்கு 1,000 பைட், குறைத்த சிசி 11க்கு 120 பைட். கம்பியில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். தவிலுக்கு வழி தாராளம்.

சுங்கைசிப்புட்வாசி:
இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. பஃபர் எச்சரிக்கை வரவில்லை, தவில் தாளத்தில் நிற்கிறது, மடிக்கணினியும் அடங்கிவிட்டது. காந்தாரமும் திரும்பி வந்தது, ஆனால் நாதஸ்வரத்தில் மட்டும். அதே பெண்டை வாங்கும் ஷெனாய் கமகத்தில் கொஞ்சம்தான் அசைகிறது. இரண்டும் சேர்ந்து கேட்டால் சண்டைபோல் இருக்கிறது.

ஈப்போகீபோர்ட்:
மாட்யூலின் பெண்ட் எல்லை பெரும்பாலும் இயல்பான 2 அரைச்சுரத்திலேயே இருக்கும். பாட்டின் தொடக்கத்தில், சுரங்களுக்கு முன்னால், ஷெனாய் சேனலில் இந்த வரிசையில் அனுப்புங்கள்: சிசி 101 மதிப்பு 0, சிசி 100 மதிப்பு 0, சிசி 6 மதிப்பு 12. பிறகு சிசி 101, சிசி 100 இரண்டையும் 127 ஆக்கிவிடுங்கள். இல்லையென்றால் பின்னால் வரும் ஏதாவது ஒரு சிசி 6 எல்லையை மாற்றிவிடும். ஐந்தையும் ஒரே டிக்கில் குவிக்காமல் சற்றுத் தள்ளித் தள்ளி வையுங்கள், வரிசை கலைந்தால் வேலை செய்யாது.

சுங்கைசிப்புட்வாசி:
வேலை செய்கிறது! இப்போது ஷெனாய் நாதஸ்வரத்தோடு ஒட்டிப் போகிறது. ஷெனாயின் ஒலி அளவை மட்டும் சிசி 7இல் இறக்கிக்கொண்டேன்.

தைப்பிங்_வயலின்_டீச்சர்:
ஒத்திகையில் பாட்டின் நடுவிலிருந்து தொடங்கிப் பாருங்கள், தம்பி. பிள்ளைகள் தவறவிட்டால் அங்கிருந்துதான் மறுபடி ஓட்டச் சொல்வார்கள். அப்போது தொடக்கத்தில் வைத்த எல்லை மாட்யூலுக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். ஒவ்வொரு பகுதியின் தலையிலும் அந்த ஐந்து வரிகளை ஒரு முறை வைத்துவிடுங்கள்.