முடிவெடுக்க விடாமல் என்ன கூட்டாண்மை?

வரப்பு:
ஊர் வளர்ச்சித் திட்டம் என்று அதிகாரிகள் கூட்டம் கூட்டுகிறார்கள், கையெழுத்து வாங்குகிறார்கள். திட்டமோ முன்பே அச்சாகியிருக்கிறது. இதற்குப் பெயர் மக்கள் பங்கேற்பாம்! அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் 1969-லேயே மக்கள் பங்கேற்பை, கீழிருந்து மேலாக, எட்டுப் படிகளாகப் பிரித்தார். தகவல் சொல்வது மூன்றாம் படி, கருத்துக் கேட்பது நான்காம் படி. கூட்டாண்மை ஆறாம் படியில்தான் வருகிறது. பணம் எதற்குப் போகவேண்டும் என்று மக்கள் தீர்மானிக்காத வரை அதைக் கூட்டாண்மை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அளவுகோல்:
உங்கள் கோபம் நியாயம். ஆனால் எல்லாவற்றையும் ஊரே முடிவெடுக்க முடியுமா? ஆறும் நிலத்தடி நீரும் ஊர் எல்லை பார்த்து நிற்பதில்லையே. மேட்டு ஊர் ஒருமனதாகத் தீர்மானம் போட்டுத் தண்ணீரை மறித்தால், கீழே இருப்பவன் என்ன செய்வான்? அதோடு, கூட்டத்துக்கு யார் வருகிறார்கள்? நேரம் இருப்பவரும் பேசத் தெரிந்தவரும்தான். கூலி வேலையை விட்டு யார் வருவார்?

வரப்பு:
பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரேயில் 1989-ல் பங்கேற்பு பட்ஜெட், அதாவது நகராட்சிப் பணம் எதற்குப் போகவேண்டும் என்று மக்களே சொல்லும் முறை, தொடங்கியபோது இதே கேள்விதான் எழுந்தது. அதனால்தான் பகுதியின் மக்கள்தொகை, அங்கே இல்லாத வசதிகள், மக்கள் தந்த முன்னுரிமை மூன்றுக்கும் மதிப்பெண் வைத்துப் பணத்தைப் பிரித்தார்கள். சத்தமாகப் பேசுகிறவருக்கு அதில் கூடுதல் மதிப்பெண் கிடையாது. இம்முறைக்கு மாறிய பிரேசில் நகராட்சிகளில் சுகாதாரச் செலவு கூடியது, குழந்தை இறப்பு குறைந்தது என்று ஆய்வுகளே சொல்கின்றன.

அளவுகோல்:
2017-ல் அதே நகரத்தில் அதை நிறுத்திவைத்ததையும் சொல்லுங்கள். மேயர் மாறினால் போய்விடும் என்றால் அது உரிமையா?

கரையோரம்:
இடையில் வருகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1991 முதல் ‘லீடர்’ என்ற ஊரக வளர்ச்சித் திட்டம் நடக்கிறது. அதன் உள்ளூர் செயற்குழுக்களில் அரசுத் தரப்புக்கோ, வேறு எந்த ஒரு தரப்புக்கோ 49 சதவீதத்துக்கு மேல் வாக்கு இருக்கக்கூடாது என்று 2014–2020 காலத்து விதியிலேயே எழுதியிருந்தார்கள். மேயரின் மனநிலையை நம்பியிருக்க வேண்டியதில்லை. ஆற்றுக்கும் வழி உண்டு. பொது வளங்களை மக்களே எப்படி நிர்வகிக்கிறார்கள் என்று ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ரோம் 1990-ல் சொன்னது: சிறு குழுக்கள், அவற்றின் மேல் பெரிய குழு, அடுக்கடுக்காக. மடையை ஊர் பார்க்கட்டும், ஆற்றை அது பாயும் ஊர்களுக்கெல்லாம் பொதுவான படுகைக் குழு பார்க்கட்டும்.

வரப்பு:
அந்தப் படுகைக் குழுவுக்கு ஆளை நியமிப்பது யார்? மேலிருந்து என்றால் மறுபடி நான்காம் படிதான்.

அளவுகோல்:
ஊர்களே அனுப்பட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. யார் எப்படி வாக்களித்தார் என்று ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் வெளியிட்டால் 49 சதவீத வரம்புக்கும் சம்மதம். நீர்ப் பங்கீட்டில் மட்டும் கடைமடை ஊர்களின் ஒப்புதல் இல்லாமல் தீர்மானம் செல்லக்கூடாது. இதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.