மலைக்குக் கீழே மூன்று ரூபாய்

குடும்பக் குழு, 2025 நவம்பர் 16, ஞாயிறு இரவு

கம்பம் சித்தி, 8:04
எனக்கு வந்ததை அப்படியே அனுப்புகிறேன். "உலகத்திலேயே பெட்ரோலுக்கு அதிக விலை கொடுப்பது நாம்தான். மற்ற நாடுகளில் எல்லாம் பாதி விலை. பத்துப் பேருக்கு அனுப்பவும்." நிஜமா அண்ணே? நீங்கள்தானே தினமும் வண்டி ஓட்டுகிறீர்கள்.

குமுளி மாமா, 8:11
உலகக் கணக்கு எனக்கு எங்கே தெரியும் தாயி. ஆனால் நேற்று ஒரு கேள்வியில் நானே மாட்டிக்கொண்டேன். மலைக்குக் கீழே தமிழ்நாட்டு லோயர் கேம்ப்பில் முதல் பஸ் ஏறி கேரளப் பக்கம் குமுளிக்கு வருகிற பெண் ஒருத்தி, என் ஜீப்பில் வண்டன்மேடு ஏலத்தோட்டத்துக்குப் போகிற வழியில் கேட்டாள்: "ஏண்ணே, கீழ நம்ம தேனி கூடலூர்ல டீசல் மூணு ரூபா கம்மியாமே. அங்க போட்டுட்டு வந்தா எங்க ஜீப்புக் காசுல கொஞ்சம் குறைக்கலாம்ல?" நாள் முழுக்க ஏலக்காய் எடுத்து 500 ரூபாய் வாங்குகிறவள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக் காலை ஆறு மணிக்கு அதே சீட்டில் வந்து உட்காருவாள். என்ன சொல்ல?

இங்கிலாந்து அக்கா, 8:19
சித்தி, அந்தச் செய்தி தப்பு. இங்கே ஒரு லிட்டர் 135 பென்ஸ் பக்கம். நம் காசில் 150 ரூபாய்க்கு மேல். அதில் எரிபொருள் வரி மட்டும் 52.95 பென்ஸ், பெட்ரோலுக்கும் டீசலுக்கும் ஒரே அளவு. 2022 மார்ச்சில் 5 பென்ஸ் குறைத்த பிறகுதான் இது. அப்புறம் அந்த வரியையும் சேர்த்த விலை மேல் 20 சதவீதம் மதிப்புக்கூட்டு வரி. வரிக்கும் வரி. கூட்டிப் பார்த்தால் விலையில் பாதிக்கு மேல் அரசாங்கத்துக்கே போகிறது.

கம்பம் சித்தி, 8:21
ஆத்தாடி! அப்போ நாம் எவ்வளவோ தேவலை.

இங்கிலாந்து அக்கா, 8:24
இல்லை சித்தி, அதுவும் சரியில்லை. இங்கே குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 12.21 பவுண்டு. ஒரு மணி நேரம் வேலை பார்த்தால் 9 லிட்டர் வாங்கலாம். மாமா சொன்ன பெண் நாள் முழுக்கக் குனிந்து நிமிர்ந்தாலும் 5 லிட்டர்தான். ரூபாயாக மாற்றிப் பார்த்தால் எனக்குத்தான் விலை அதிகம். கூலியை வைத்துப் பார்த்தால் அவளுக்குத்தான்.

துபாய் சித்தப்பா, 8:31
மச்சான், இங்கே மாதக் கடைசியில் அடுத்த மாத விலையைச் சொல்லிவிடுவார்கள். 2015 ஆகஸ்டில் மானியத்தை எடுத்ததிலிருந்து அப்படித்தான். இந்த வருஷம் பெட்ரோல் இரண்டரை திர்ஹாமை ஒட்டியே நிற்கிறது, நம் காசில் அறுபது சொச்சம். வரி 5 சதவீதம்தான். சொந்த மண்ணில் எண்ணெய் இருக்கிறது, அதனால் மலிவு.

இங்கிலாந்து அக்கா, 8:34
மண்ணில் இருந்தால் மட்டும் போதாது சித்தப்பா. நார்வேயும் எண்ணெய் விற்கிற நாடு. ஆனால் சொந்த ஜனங்களுக்கு மலிவாகத் தருவதில்லை, நிறைய வரி போடுகிறார்கள். எண்ணெயில் வருகிற பணத்தைத் தனி நிதியாக அடுத்த தலைமுறைக்குச் சேர்க்கிறார்கள். எண்ணெயே எடுக்காத பல நாடுகளைவிட அங்கே பெட்ரோல் விலை அதிகம்.

நான், 8:40
மாமா, குமுளி விலையைப் பிரித்துப் பார்த்தேன். டீசல் 96 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் டெல்லிக்கு, அதாவது மத்திய அரசுக்கு, வரி 17.80 ரூபாய். ஏப்ரலில் 2 ரூபாய் ஏற்றிய பிறகு அதுதான் கணக்கு. அன்றைக்குப் பங்க் விலை ஏறவில்லை, அதனால் நமக்குத் தெரியவில்லை. கேரளாவுக்கு 22.76 சதவீத விற்பனை வரி, 1 ரூபாய் கூடுதல் வரி, 2023 ஏப்ரலிலிருந்து சமூகப் பாதுகாப்புக்கென்று 2 ரூபாய். அதெல்லாம் 20 ரூபாய்க்கு மேல் போகிறது. இரண்டும் சேர்ந்து 38 ரூபாய். கீழே தமிழ்நாட்டில் 11 சதவீதமும் லிட்டருக்கு 9.62 ரூபாயும். அந்த மூன்று ரூபாய் வித்தியாசம் இங்கேதான் வருகிறது. எண்ணெயின் அடக்க விலை இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நான், 8:42
பெட்ரோலுக்கு வித்தியாசம் இன்னும் அதிகம். கேரளாவில் விற்பனை வரி 30.08 சதவீதம்; தமிழ்நாட்டில் 13 சதவீதத்தோடு 11.52 ரூபாய். நம்மூர் பைக்கெல்லாம் கம்பம் போனால் டேங்க் நிரப்பாமல் திரும்புவதில்லை. மாஹே இன்னும் வேடிக்கை. சுற்றிலும் கேரளா, ஆனால் புதுச்சேரியின் துண்டு. அங்கே லிட்டருக்குப் பத்து ரூபாய்க்கு மேல் குறைவு.

சிங்கப்பூர் அண்ணன், 8:50
எல்லை என்றால் இங்கே கேளுங்கள். 95 ரகப் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 66 சிங்கப்பூர் காசு வரி, அதற்கு மேல் 9 சதவீத ஜிஎஸ்டி. பாலம் தாண்டினால் மலேசியாவில் ரொம்ப மலிவு. அதனால் சிங்கப்பூர் வண்டி முக்கால் டேங்க் இல்லாமல் எல்லை தாண்டக் கூடாது. எங்கள் கம்பெனி கார் மலேசியாவின் ஜொகூர் போகும் நாளில் சோதனைச் சாவடிக்கு முன்பே முள்ளைப் பார்த்துக்கொள்வோம், குறைந்தால் அபராதம். மலேசியாவும் மானிய பெட்ரோலை வெளிநாட்டு வண்டிக்குத் தராது. செப்டம்பர் கடைசியிலிருந்து 1.99 ரிங்கிட் விலை அவர்கள் நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும்.

குமுளி மாமா, 8:55
அந்தச் சட்டம் இங்கே வராமல் இருக்க வேண்டும் மருமகனே. சபரிமலை போகிற சாமிமார் வண்டியெல்லாம் இப்போது கூடலூரில் நிரப்பிக்கொண்டுதான் மலை ஏறுகிறது.

குமுளி மாமா, 9:03
எனக்கு 2020 மறக்காது. ஊரடங்கில் ஜீப் ஷெட்டிலேயே நின்றது. கச்சா எண்ணெய் தரைமட்டத்துக்கு வந்துவிட்டது, இனி டீசல் குறையும் என்று பேப்பரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மே மாதம் டெல்லியில் பெட்ரோலுக்கு 10, டீசலுக்கு 13 ரூபாய் வரி ஏற்றினார்கள். குறைந்தது நமக்கு வரவே இல்லை. ஏறும்போது மட்டும் வருகிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

நான், 9:08
2021, 2022 இரண்டு வருஷமும் குறைத்தார்கள் மாமா, டீசலுக்கு முதலில் 10, அப்புறம் 6. பெட்ரோல், டீசலை ஜிஎஸ்டிக்குள் கொண்டு வரலாமா என்று கேரள உயர் நீதிமன்றம் கேட்டுத்தான் 2021 செப்டம்பரில் லக்னோவில் ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் பேசினார்கள். இப்போது வேண்டாம் என்று முடித்துவிட்டார்கள். எந்த மாநிலமும் இந்த வருமானத்தை விடத் தயாரில்லை. பென்ஷனும் ரோடும் இதிலிருந்தும்தான் வருகிறது, அதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கார்க்காரரும் ஜீப்பில் நெருக்கி உட்காரும் பெண்ணும் லிட்டருக்கு ஒரே வரி கொடுக்கிறார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

கம்பம் சித்தி, 9:10
சரி, அண்ணன் கேள்விக்குப் பதில் என்ன? கீழே வந்து போட்டால் லாபமா?

குமுளி மாமா, 9:22
பேப்பரில் போட்டுப் பார்த்துவிட்டேன். டேங்க் 40 லிட்டர். மூன்று ரூபாய் வீதம் 120 ரூபாய் மிச்சம். கூடலூர் போய் வர முப்பது கிலோமீட்டர் பக்கம். இறக்கத்தில் குறைவாகக் குடித்தாலும் ஏற்றத்தில் கியர் மாற்றி மாற்றி ஏறணும். இரண்டரை லிட்டர் போய்விடும், 240 ரூபாய். அதற்காகவே இறங்கினால் கைக்காசு போகும்.

துபாய் சித்தப்பா, 9:24
சவாரி ஏதாவது கிடைத்தால்?

குமுளி மாமா, 9:26
அதேதான் மாப்ளே. வியாழக்கிழமை ஒரு குடும்பத்தைக் கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன், வாடகை பேசியாகிவிட்டது. திரும்பும்போது நிரப்பிக்கொண்டு வருவேன். 120 ரூபாய், ஜீப்பில் பன்னிரண்டு பேர். வெள்ளிக்கிழமை ஆளுக்குப் பத்து ரூபாய் குறைத்து வாங்குகிறேன். நாளைக்குக் காலையில் அவளிடம் இந்தப் பேப்பரையே காட்டிவிடுகிறேன். அந்த 38 ரூபாய்க் கணக்கைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பு ஆத்தா, கண்ணாடி இல்லாமல் படிக்கிற மாதிரி.

நான், 9:27
இதோ எழுதுகிறேன் மாமா.