கடின நீர்: சாஃப்ட்னரின் கழிவு நீரை எங்கே விடுவது?

வணக்கம். பல்லடத்தில் தனி வீட்டில் நால்வர் வசிக்கிறோம். நகராட்சிக் குடிநீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டுமே போதுமானதாக இருப்பதால், மற்ற எல்லாவற்றுக்கும் 700 அடி ஆழ்துளைக் கிணற்று நீரையே நம்பியிருக்கிறோம். சென்ற மாதம் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 780 மில்லிகிராம், டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள்) 1,650 என்று வந்தது. மாற்று நீராதாரம் இல்லாத இடத்தில்கூடக் கடினத்தன்மை 600-ஐத் தாண்டக்கூடாது என்பதே குடிநீருக்கான இந்தியத் தர அளவு.

எங்களுடைய 15 லிட்டர் கீசருக்குப் பதினான்கு மாதங்களில் இரண்டு முறை காயில் மாற்றிவிட்டோம். கடைசியாகக் கழற்றியபோது, காயிலைச் சுற்றி வெள்ளைப் படிவம் விரல் தடிமனுக்கு ஏறியிருந்தது. தட்டினால் முட்டை ஓடு போல உதிர்ந்தது. சோப்பு நுரைப்பதில்லை, வெள்ளைத் துணி பழுப்பேறுகிறது. தலைமுடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஷவரில் மாட்டும் வடிகட்டி, கரைந்திருக்கும் கால்சியத்தை ஒன்றும் செய்யாது என்பது பணம் கொடுத்த பிறகுதான் புரிந்தது. குழாயில் கட்டிய காந்தக் கருவியும் ஆறு மாதமாகச் சும்மா தொங்குகிறது. சிட்ரிக் அமிலக் கரைசல் படிவத்தைக் கரைக்கிறது. ஆனால் மூன்றே வாரங்களில் மறுபடியும் படிந்துவிடுகிறது.

மிஞ்சியிருப்பது, ரெசின் எனும் சிறு மணிகளால் கால்சியத்தைப் பிடித்து நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர்தான். ஆனால் அந்த ரெசினை அவ்வப்போது உப்புக் கரைசலால் கழுவியாக வேண்டும்; எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை இல்லாததால், கழுவிய உப்பு நீர் முழுவதும் கொல்லையிலுள்ள இரண்டு தென்னைகளின் வேருக்குத்தான் போய்ச் சேரும்.

இதே நிலையில் வீட்டில் சாஃப்ட்னர் வைத்திருப்பவர்கள், அந்தக் கழிவு நீரை எவ்வாறு வெளியேற்றுகிறீர்கள்?