ரிக்ரெஷன் டெஸ்டிங்: ‘கெடாமைச் சோதனை’ எனலாமா?

வணக்கம்.

மென்பொருள் சோதனைகளில் ஒன்றான ‘ரிக்ரெஷன் டெஸ்டிங்’குக்குத் தமிழில் ‘பின்னடைவுச் சோதனை’யே போதும் என்று முந்தைய மடலில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரெஞ்சு மென்பொருள் ஆவணங்களை ஆங்கிலமாக்கும் வேலையில் கவனித்த ஒன்றை வைத்துச் சொல்கிறேன்.

இதே சோதனைக்குப் பிரெஞ்சில் ‘தெஸ்த் த நோன் ரெக்ரெஸியோன்’ என்று பெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது ‘அல்லாத’ என்று பொருள்படும் அந்த ‘நோன்’ பெரும்பாலும் உதிர்ந்துவிடும். வேலை என்னவோ ஒன்றுதான்: ஓரிடத்தில் பிழையைத் திருத்திவிட்டு, நேற்றுவரை ஒழுங்காக ஓடியது எதுவும் அதனால் கெட்டுவிடவில்லையே என்று பார்ப்பது. ஆங்கிலம் வரக்கூடாத கேட்டைப் பெயராக வைத்திருக்கிறது. பிரெஞ்சு, இருக்கவேண்டிய நிலையை வைத்திருக்கிறது.

தமிழுக்கு இரண்டாவது வழிதான் இயல்பாகப் படுகிறது. கொல்லாமை, கள்ளாமை, புறங்கூறாமை என்று குறள் அதிகாரங்களே அப்படித்தானே பெயர் பெற்றிருக்கின்றன? அதனால் ‘கெடாமைச் சோதனை’ என்கிறேன்.

அறிக்கையில் எழுதிப் பாருங்கள். ‘பின்னடைவுச் சோதனை: தோல்வி’ என்றால் பின்னடைவு இருக்கிறதா, இல்லையா? ஒரு நொடி யோசிக்க வேண்டும். ‘கெடாமைச் சோதனை: தோல்வி’ என்றால் ஏதோ கெட்டிருக்கிறது என்று உடனே புரிகிறது. அப்புறம், பின்னடைவு என்றதும் வாக்கு எண்ணும் நாளில் தொலைக்காட்சியில் ஓடும் வரிதான் நம் காதில் விழுகிறது.

கெடுதல் என்றால் பால், சோறு நினைவு வராதா என்று கேட்கலாம். வரும். ஆனால் கடிகாரமும் மோட்டாரும் கெட்டுப்போனதாகத்தானே நாம் சொல்கிறோம்?

‘ரெசெத்’ என்ற பிரெஞ்சுச் சொல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அகராதியில் சமையல் குறிப்பு என்ற பொருளும் இருப்பதால், ‘காயே த ரெசெத்’ என்பதைச் சமையல் ஏடு என்று ஆங்கிலமாக்கிய வரைவு ஒன்று என்னிடமே திருத்தத்துக்கு வந்தது. உள்ளே பார்த்தால் அட்டவணை: செய்யவேண்டிய படி, எதிர்பார்த்த விளைவு, கிடைத்த விளைவு, கடைசிக் கட்டத்தில் ‘ஓகே’ அல்லது ‘கேஓ’. அந்தக் ‘கேஓ’ தேறவில்லை என்பதற்கான குறி. வாடிக்கையாளர் மென்பொருளைப் பெற்றுக்கொள்ளுமுன் செய்யும் சோதனை இது. ‘ரெசெத்’தின் வேரும் பெறுதல்தான். நம்மிடம் உள்ள ‘ஏற்புச் சோதனை’ அச்சாகப் பொருந்துகிறது, மாற்ற வேண்டாம்.

பிரெஞ்சில் ‘மேந்தனான்ஸ் எவொலுதீவ்’ என்பது, இருக்கும் மென்பொருளில் புது வசதிகள் சேர்க்கும் வேலை. ‘மேம்பாட்டுப் பராமரிப்பு’ சரியாக இருக்கும்.

‘கெடாமை’க்கு மறுப்பு இருந்தால், ‘தோல்வி’ சேர்த்து எழுதிப் பார்த்துவிட்டு மாற்றுச்சொல்லோடு எழுதுங்கள்.